நிகழ்ச்சி நடுவே குறுக்கிடும் அவசர எச்சரிக்கைச் சோதனை: அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் டிவி பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யூடியூப் டிவி, ஹுலு லைவ், ஸ்லிங் என்று மாறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கேபிள் நிறுவனத்தின் ஆப்பையே ரோக்குவிலோ ஃபயர் ஸ்டிக்கிலோ போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு எரிச்சல் இருக்கிறது: ஆட்டமோ படமோ சூடுபிடிக்கும் நேரத்தில் திரையை மறைத்துக்கொண்டு வரும் எச்சரிக்கைச் சோதனை. அதுவும் சில நாட்களில் ஒன்றோடு நிற்பதில்லை. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

திடீரென்று கரகரவென்று மூன்று முறை ஒரு சத்தம், பிறகு நீளமான ஊளை. இது என்ன?

அமெரிக்காவின் அவசர எச்சரிக்கை அமைப்பு, சுருக்கமாக ஈ.ஏ.எஸ். 1997 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 1963 முதல் வேறொரு அவசர ஒலிபரப்பு அமைப்பு இருந்தது. அதற்கும் முன்பு, 1951-இல் அதிபர் ட்ரூமன் காலத்தில், சோவியத் குண்டுவீச்சு பயத்தில் பிறந்த கானல்ராட் என்ற ஏற்பாடு. இப்போதைய அமைப்பைத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., பேரிடர் நிர்வாகத் துறையான ஃபீமா, தேசிய வானிலைச் சேவை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன.

அந்தக் கரகரப்பு மனிதக் காதுக்கானதே அல்ல. இயந்திரம் படிப்பதற்கான தகவல் அது, நொடிக்கு சுமார் 520 பிட் வேகத்தில் ஒலியாகப் போகிறது. யார் அனுப்புகிறார்கள், என்ன நிகழ்வு, எந்தெந்த கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரியான பிரிவு), எவ்வளவு நேரம் செல்லும், எப்போது அனுப்பப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். மூன்று முறை ஒலிப்பதற்குக் காரணம், வழியில் இரைச்சல் புகுந்து ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டையும் ஒப்பிட்டுச் சரியானதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். பிறகு வரும் ஊளை, 853 ஹெர்ட்ஸ், 960 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் கேட்பது. எட்டு நொடி முதல் 25 நொடி வரை நீளலாம். அதற்கப்புறம் குரல் செய்தி, அதிகபட்சம் இரண்டு நிமிடம். கடைசியில் ‘முடிந்தது’ என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குட்டி ஒலி மூன்று முறை. இந்தக் கடைசி ஒலியை நினைவில் வையுங்கள், கீழே ஒரு கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

எத்தனை வகைச் சோதனை இருக்கிறது?

மூன்று.

வாராந்திரச் சோதனை: வாரம் ஒரு முறையாவது, நாளும் நேரமும் முன்கூட்டிச் சொல்லாமல். குரலோ ஊளையோ கட்டாயமில்லை, கரகரப்பான முன் குறியும் கடைசியில் வரும் முடிவுக் குறியும் போனால் போதும். சில நொடிகளில் முடிந்துவிடும். பல கேபிள் நிறுவனங்கள் இதை நள்ளிரவுக்குப் பின் முடித்துவிடுகின்றன.

மாதாந்திரச் சோதனை: இதுதான் முழு நீளம். குறி, ஊளை, குரல், எழுத்து எல்லாம் உண்டு. இது வரும் வாரத்தில் வாராந்திரச் சோதனை தேவையில்லை.

நாடு தழுவிய சோதனை: ஃபீமா நடத்துவது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதுவரை 2011, 2016, 2017, 2018, 2019, 2021, 2023 ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. 2020-இல் கொரோனாவால் கைவிட்டார்கள்.

நிஜ ஆபத்து வந்தால் வரட்டும். சும்மா எதற்கு இத்தனை ஒத்திகை?

சோதனை உங்களுக்காக நடப்பதில்லை, அதுதான் விஷயம். சோதிக்கப்படுவது ஒரு சங்கிலி.

நாடு முழுக்க 77 வானொலி நிலையங்கள் முதல் கண்ணிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் போனாலும் ஓட ஜெனரேட்டர், எரிபொருள் எல்லாம் அவற்றுக்கு உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலும் முதன்மை நிலையங்கள் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வட்டாரத்தின் மற்ற வானொலி, டிவி நிலையங்களும் கேபிள் நிறுவனங்களும் இந்த முதன்மை நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு மூலங்களைக் கவனிக்க வேண்டும் என்பது விதி. இது போதாதென்று ஃபீமாவின் சர்வரிலிருந்து இணையம் வழியாகவும் அதே எச்சரிக்கை வரும். எங்காவது ஒரு நிலையத்தில் எச்சரிக்கையை வாங்கி அனுப்பும் பெட்டி பழுதாகிக் கிடந்தால் அந்த ஊரே இருட்டில் இருக்கும், அது தெரியவும் தெரியாது. சோதனை போனால்தான் தெரியும்.

இதற்கு நல்ல சாட்சி 2011 நவம்பர் 9. அமைப்பு தொடங்கி 14 ஆண்டுகள் கழித்து அன்றுதான் முதல்முறையாக நாடு முழுக்க ஒரே நேரத்தில் சோதித்தார்கள். பல இடங்களில் குரல் தெளிவில்லை. சில இடங்களுக்குச் செய்தி வந்தே சேரவில்லை. ஒரு செயற்கைக்கோள் டிவியின் சந்தாதாரர்கள் சிலருக்கு எச்சரிக்கைக்குப் பதில் பாப் பாட்டு கேட்டது. பதினாலு வருடமாக ‘தயார் நிலையில்’ இருந்த ஏற்பாட்டின் லட்சணம் இது.

இன்னொன்று. நாடு முழுவதற்குமான அதிபர் எச்சரிக்கை இந்த அமைப்பில் நிஜமாக ஒரு முறைகூட அனுப்பப்பட்டதில்லை. 2001 செப்டம்பர் 11 அன்றுகூட இல்லை. நடைமுறையில் இது டொர்னேடோ எனும் சுழற்காற்று, திடீர் வெள்ளம், குழந்தைக் கடத்தல் ஆகியவற்றுக்கான உள்ளூர் அமைப்புதான்.

சரி, ஒரு சோதனை புரிகிறது. ஒரே மாலையில் அதுவே மூன்று நான்கு முறை வருகிறதே?

இதில்தான் பார்ப்பவர்களின் கோபம் நியாயமானது. காரணங்கள் பல, உங்கள் வீட்டில் எது என்பது நீங்கள் எதன் வழியாகப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் காரணம், அறுபது நிமிட விதி. மாதாந்திரச் சோதனை வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு நிலையமும் அதை அறுபது நிமிடத்துக்குள் மறு ஒலிபரப்பு செய்தால் போதும். எந்த நிமிடம் என்பது அவரவர் வசதி. ஒரு சேனல் உடனே போடும், இன்னொன்று விளம்பர இடைவேளைக்குக் காத்திருக்கும், மூன்றாவது செய்தி முடிந்ததும் போடும். நீங்கள் ரிமோட்டைத் தட்டி மூன்று சேனலும் மாறி மாறிப் பார்த்திருந்தால் மூன்றும் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவது காரணம், இரட்டைக் கடமை. டிவி நிலையத்துக்குத் தனியாகப் பொறுப்பு இருக்கிறது, கேபிள் நிறுவனத்துக்கும் தனியாகப் பொறுப்பு இருக்கிறது. நிலையம் தன் ஒளிபரப்பிலேயே எச்சரிக்கையைச் சேர்த்து அனுப்புகிறது. அதை வாங்கி வீட்டுக்குத் தரும் கேபிள் நிறுவனம் தன் பங்குக்கு எல்லாச் சேனல் மேலும் இன்னொன்றைப் போடுகிறது. கல்யாணச் செய்தியை நாலு சொந்தக்காரர்கள் தனித்தனியே போன் போட்டுச் சொல்வது மாதிரி, யாரும் விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். நிலையமும் கேபிள் நிறுவனமும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அந்தச் சேனலை மட்டும் குறுக்கிடாமல் விட விதி இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் இல்லாத ஊர்களில் இரண்டும் வரும்.

மூன்றாவது, இரண்டு பாதை. ஒரே செய்தி வானொலிச் சங்கிலி வழியாகவும் இணையம் வழியாகவும் வந்து சேர்கிறது. இரண்டின் குறியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் பெட்டி இரண்டாவதைத் தள்ளிவிடும். அனுப்பும் இடத்தில் ஒரு நிமிடமோ ஒரு கவுண்டியோ வேறுபட்டால், பெட்டிக்கு அது புதுச் செய்தி.

நான்காவது, ஆப்பின் கோளாறு. எச்சரிக்கையைக் காட்டச் சொல்லி சர்வர் அனுப்பிய கட்டளையை ஆப் முடித்ததாகக் குறித்துக்கொள்ளாமல், சேனல் மாற்றும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டலாம். ஒரே வாசகம், ஒரே நேரக் குறிப்பு, சேனல் மாறினாலும் விடாமல் வருகிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும். ஆப்பை முழுதாக மூடித் திறங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்டிக்கையோ பெட்டியையோ மின்சாரத்திலிருந்து எடுத்துவிட்டுச் சொருகுங்கள்.

முதல் மூன்றும் அமைப்பின் இயல்பு, நான்காவது மட்டுமே பழுது. எஃப்.சி.சி. நினைத்தால் முதல் இரண்டையும் இன்னும் இறுக்கலாம் என்பது என் கருத்து. மக்கள் அலட்சியமாகப் பழகிவிடுவதும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான். மூன்றாவது முறை கேட்கும்போது யாரும் திரையைப் பார்ப்பதில்லை, மியூட் பட்டனைத்தான் தேடுகிறார்கள்.

யூடியூப் டிவியில் சில சேனலில் வருகிறது, சிலவற்றில் வருவதே இல்லை. ஏன்?

லோக்கல் சேனல்களில் வருவது அந்த நிலையமே தன் ஒளிபரப்பில் கலந்து அனுப்பியது. ஸ்ட்ரீமிங் சேவை அதை அப்படியே கடத்துகிறது. நாடு முழுக்க ஒரே மாதிரி ஓடும் செய்தி, விளையாட்டு, சமையல் சேனல்களுக்கு உள்ளூர் நிலையம் என்று எதுவும் இல்லை. பழைய கேபிளில் அவற்றின் மேல் எச்சரிக்கை போட்டது கேபிள் நிறுவனம். ஸ்ட்ரீமிங்கில் அந்த இடத்தில் ஆள் இல்லை.

கேபிள் நிறுவனத்தின் சொந்த ஆப் வழியாகப் பார்த்தால் கதை வேறு, அங்கே எல்லாச் சேனலிலும் வரலாம்.

அப்படியானால் நெட்ஃபிளிக்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது டொர்னேடோ வந்தால்?

டிவி எதுவும் சொல்லாது. படம் பாட்டுக்கு ஓடும்.

ஈ.ஏ.எஸ். விதிகள் வானொலி, டிவி நிலையங்கள், கேபிள், செயற்கைக்கோள் சேவைகள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. 2021 ஜனவரி 1 அன்று நிறைவேறிய பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் ஒரு பகுதி, ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் எச்சரிக்கை தர முடியுமா என்று ஆராயச் சொன்னது. அதே ஆண்டு எஃப்.சி.சி. கருத்துக் கேட்டது. நிறுவனங்கள் தரப்பு வாதங்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. டிவி நிலையத்துக்கு ஓர் ஊர் உண்டு. கலிபோர்னியாவில் இருக்கும் சர்வருக்கு நீங்கள் எந்த கவுண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உங்கள் இருப்பிடத்தைக் கேட்க வேண்டும், அது தனி வம்பு. ஒரே ஆப் நூறு வகை டிவியிலும் ஸ்டிக்கிலும் ஓடுகிறது, எல்லாவற்றிலும் திரையை மறித்து எழுத்துக் காட்ட ஒரே வழி கிடையாது. இப்படி இழுத்துக்கொண்டே போனதில் கட்டாயம் என்று எதுவும் வரவில்லை.

சோதனை அதிகமாக வருகிறது என்று நாம் புலம்புகிறோம். அதைவிடப் பெரிய ஓட்டை இதுதான். மாலை முழுக்க நெட்ஃபிளிக்ஸ் ஓடும் வீட்டில், எச்சரிக்கை வந்து சேரும் ஒரே வழி கைபேசி. அதையும் இரவில் ‘தொந்தரவு செய்யாதே’யில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். நல்லவேளை, அரசு எச்சரிக்கைகள் பெரும்பாலான போன்களில் அதையும் மீறி அலறும், அவற்றை நீங்களாக அணைத்து வைக்காதவரை.

இதை அணைத்து வைக்க முடியுமா?

டிவியில் முடியாது. ஸ்ட்ரீமிங் ஆப்பின் செட்டிங்கில் தேடாதீர்கள், லோக்கல் சேனலில் வருவது படத்தோடு கலந்தே வருகிறது.

கைபேசியில் ஓரளவு முடியும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன் பகுதியின் கடைசியில் அரசு எச்சரிக்கைகளுக்கான பொத்தான்கள் இருக்கும். ஆண்ட்ராய்டில் ‘எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடினால் கிடைக்கும். குழந்தைக் கடத்தல், வானிலை அபாயம் இரண்டையும் அணைக்கலாம். நாடு தழுவிய எச்சரிக்கையை அணைக்க முடியாது. வானிலை எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள், டெக்சாஸ், ஒக்லஹோமா பக்கம் இருப்பவர்கள் முக்கியமாக.

ராத்திரி மூன்று மணிக்கு இந்தியா ஆடும் மேட்ச் பார்க்கிறோம். அப்போதும் வருகிறதே, மனசாட்சி இல்லையா?

மாதாந்திரச் சோதனைக்கு நேர விதி இருக்கிறது. ஒற்றைப்படை மாதங்களில் (ஜனவரி, மார்ச், மே...) காலை 8:30 முதல் சூரியன் மறையும் வரை. இரட்டைப்படை மாதங்களில் சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை 8:30 வரை. பகல் ஊழியர்களும் இரவு ஊழியர்களும், பகலில் தானாக ஓடும் நிலையமும் இரவில் தானாக ஓடும் நிலையமும் எல்லாம் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். வாராந்திரச் சோதனையை நிறுவனங்கள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு வைப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கிரிக்கெட் பார்க்கும் நம் ஆட்களை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

சத்தம் ஏன் இவ்வளவு பயங்கரம்? குழந்தை அலறி எழுந்துவிட்டது.

விதியே அப்படி. இந்தக் குறியொலிகளை முடிந்தவரை உரத்த அளவில், எப்படியும் முழு அளவின் பாதிக்குக் குறையாமல் அனுப்ப வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், வழியில் இருக்கும் இயந்திரங்கள் தவறவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு ஒலிகளும் சேர்ந்து காதுக்கு ஒவ்வாமல் கேட்பதும் வசதிதான், பாட்டு என்று யாரும் ஏமாற மாட்டார்கள். டிவியில் ‘நைட் மோட்’ அல்லது ஒலியைச் சமன்படுத்தும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள், கொஞ்சம் அடங்கும்.

எச்சரிக்கை முடிந்த பிறகும் திரை திரும்பவில்லை, வேறு ஏதோ குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

‘முடிந்தது’ ஒலியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அது வராவிட்டால் நடப்பது இதுதான்.

2017 செப்டம்பர் 21 அன்று கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் கேபிள் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரை எச்சரிக்கைக்கு மாறியது. அதன் பின்னணியில் ஓர் ஆண் குரல், ‘மிகக் கொடிய வன்முறைக் காலம் வரப்போகிறது’ என்ற பொருளில் ஆவேசமாகப் பேசியது. உலகம் முடியப்போகிறது என்றே பலர் நினைத்தார்கள். நடந்தது என்னவென்றால், அந்த வட்டாரத்தின் முதன்மை வானொலி நிலையம் மாதாந்திரச் சோதனை அனுப்பியபோது முடிவுக் குறி போகவில்லை. கேபிள் நிறுவனங்களின் பெட்டிகள் இன்னும் செய்தி தொடர்கிறது என்று எண்ணி, அந்த நிலையத்தில் அடுத்து ஓடிய மத நிகழ்ச்சியின் பிரசங்கத்தை அப்படியே வீடுகளுக்குக் கடத்திவிட்டன. ஆவேசக் குரல் ஒரு பாதிரியாருடையது.

உங்களுக்குத் திரை சிக்கிக்கொண்டால் இரண்டு நிமிடம் பொறுங்கள், சாதாரணச் செய்தியின் உச்ச வரம்பே அதுதான். அதற்கு மேலும் நீடித்தால் சேனல் மாற்றுங்கள், பிறகு ஆப்பை மூடித் திறங்கள்.

நிஜமா சோதனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தைப் படியுங்கள். சோதனையில் ‘டெஸ்ட்’ என்ற சொல் கட்டாயம் இருக்கும், ‘ரிக்வயர்டு மன்த்லி டெஸ்ட்’ என்பது மாதிரி. நிஜ எச்சரிக்கையில் நிகழ்வின் பெயர், கவுண்டிகளின் பெயர்கள், எத்தனை மணி வரை என்ற விவரம் இருக்கும்.

அப்படியும் தவறு நடக்கும். 2018 ஜனவரி 13, ஹவாய். காலை 8:07-க்கு எல்லோருடைய கைபேசியிலும் ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், ‘இது ஒத்திகை அல்ல’ என்று செய்தி. டிவியிலும் ஓடியது. பெற்றோர் குழந்தைகளைக் குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்தார்கள். தவறு என்று அறிவிக்கும் மறு செய்தி வர 38 நிமிடம் ஆனது. பணிமாற்ற நேரத்தில் நடந்த உள் ஒத்திகையில் ஒருவர் நிஜ எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். இதைவிடப் பழைய கதையும் உண்டு. 1971 பிப்ரவரி 20 அன்று, அன்றைய அமைப்பில் சோதனை நாடாவுக்குப் பதில் நிஜ அவசரநிலை நாடா ஓட்டப்பட்டு, நாடு முழுக்க நிலையங்களுக்கு அறிவிப்பு போனது. பல நிலையங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. சோதனை நேரத்தில்தானே வருகிறது, சோதனையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது மூலத்தைப் பாருங்கள்: கைபேசி, வானிலைச் சேவையின் தளம், லோக்கல் வானொலி. இரண்டிலும் இருந்தால் நம்பிவிடுங்கள், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

போன வாரம் பதிவு செய்த நிகழ்ச்சியை இன்று பார்த்தால் நடுவே எச்சரிக்கை வருகிறது.

அன்று ஒளிபரப்பில் கலந்து வந்தது அப்படியே பதிவாகிவிட்டது. கிளவுட் டிவிஆர் என்றாலும் இதே கதி. எழுத்தில் நேரம் இருக்கும், பாருங்கள்.

பழைய பதிவால் ஊரே கலங்கியதும் உண்டு. 2014 அக்டோபரில் ஒரு வானொலி நிகழ்ச்சியில், தொகுப்பாளர் எச்சரிக்கைச் சோதனைகளைப் பற்றிக் குறைசொல்லும்போது 2011 நாடு தழுவிய சோதனையின் ஒலிப்பதிவை விளையாட்டாக ஓட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த சில பெட்டிகள் அதை நிஜமான தேசிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு மேலே அனுப்பின, சில மாநிலங்களில் சந்தாதாரர்களின் டிவிகளில் அது வந்தது. அந்தக் குறியில் நாளும் மணியும் இருக்கும், ஆண்டு இருக்காது. தேதியைச் சரிபார்க்காத பெட்டிகள் ஏமாந்தன. அந்த நிகழ்ச்சியை ஒலிபரப்பிய ஐஹார்ட் நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

விளம்பரத்திலோ சீரியலிலோ இந்த ஒலி வந்தால்?

சட்டவிரோதம். நிஜ எச்சரிக்கை, சோதனை, அனுமதி பெற்ற விழிப்புணர்வு அறிவிப்பு தவிர வேறெதிலும் இந்த ஒலியையோ அதைப் போன்ற நகலையோ போடக் கூடாது. ஒரு சினிமா டிரெய்லரில் இந்த ஒலியைக் கலந்ததற்காக 2014-இல் மூன்று பெரிய ஊடக நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 19 லட்சம் டாலர் அபராதம். 2019-இல் ஓர் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிக்காக ஏபிசி 3,95,000 டாலர் கட்டியது.

ஹேக் செய்ய முடியுமா?

முடிந்திருக்கிறது. 2013 பிப்ரவரி 11 அன்று மொன்டானா மாநிலத்தில் ஒரு டிவி நிலையத்தில், பிணங்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து மனிதர்களைத் தாக்குகின்றன என்று அவசர எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் இணைத்து வைத்ததுதான் வாசல் திறந்த கதை.

இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் கவுண்டிக்கான எச்சரிக்கை எனக்கு ஏன்?

ஒரு டிவி நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் பத்துப் பதினைந்து கவுண்டிகள் இருக்கலாம். எச்சரிக்கை கவுண்டி வாரியாகக் குறிக்கப்பட்டு வந்தாலும், நிலையத்துக்கு ஒரே ஒளிபரப்புதான். ஸ்ட்ரீமிங் என்றாலும் அதே படம்தான் உங்களுக்கு வருகிறது. வெளியூர்ப் பயணத்தில் ஹோட்டலில் லைவ் டிவி பார்த்தால் இன்னும் கவனம் தேவை. யூடியூப் டிவி போன்றவை நீங்கள் இருக்கும் ஊரின் லோக்கல் சேனல்களுக்கு மாறிக்கொள்ளும், அங்கே எந்த கவுண்டியில் தங்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால்தான் எச்சரிக்கை அர்த்தப்படும்.

இன்னொரு சின்ன விஷயம்: ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் ஆன்டெனாவைவிடச் சில பத்து நொடிகள் பின்தங்கி ஓடும். நொடிகள் முக்கியமான நிலநடுக்கத்துக்கு டிவியை நம்ப வேண்டாம். மேற்குக் கரையில் அதற்கு கைபேசி எச்சரிக்கைதான்.

2023 அக்டோபர் சோதனையின்போது போனை அணைத்து வையுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அக்டோபர் 4 பிற்பகலில் டிவி, வானொலி, கைபேசி மூன்றிலும் நடந்த சோதனை அது. 5ஜி அலை மூலம் தடுப்பூசி போட்டவர்களின் உடம்பில் எதையோ முடுக்கப் போகிறார்கள் என்று புரளி கிளம்பியது. குடும்பக் குழுக்களில் நம் சித்தப்பாக்களும் அதை உண்மை என்று நம்பி முன்னனுப்பினார்கள். சோதனை வந்தது, போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எச்சரிக்கை தமிழில் வருமா?

வராது. டிவியில் பெரும்பாலும் ஆங்கிலம், சில இடங்களில் ஸ்பானிஷ். கைபேசி எச்சரிக்கைக்கு ஆங்கிலம் தவிர 13 மொழிகளில் தயார் வாசகங்களை எஃப்.சி.சி. 2025 ஜனவரியில் அறிவித்தது. அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் மொழிகள் என்ற கணக்கில் அதில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை.

தமிழ்நாட்டிலும் இப்படிச் சோதனை நடக்கிறதா?

கைபேசியில் நடந்தது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் ஒரு பகுதியில் உள்ள போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையைச் சோதித்தபோது போன்கள் ஒரே நேரத்தில் அலறின. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் மாதிரிச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது.

புகார் செய்ய விரும்புகிறேன். யாரிடம்?

முதலில் யாருடைய எச்சரிக்கை என்று பாருங்கள். ஒரு சேனலில் மட்டும் என்றால் அந்த நிலையம். எல்லாச் சேனலிலும் என்றால் கேபிள் அல்லது ஸ்ட்ரீமிங் சேவை. தேதி, நேரம், சேனல், திரையில் இருந்த வாசகம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு போட்டோ எடுத்தாலே போதும். நிலையங்களும் கேபிள் நிறுவனங்களும் ஒவ்வொரு சோதனையையும் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும், அதனால் உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் முடியும். ‘அடிக்கடி வருகிறது’ என்று மட்டும் சொன்னால் ‘அது சட்டப்படி கட்டாயம்’ என்ற ஒரு வரிப் பதிலோடு முடித்துவிடுவார்கள். ஒரே நேரக் குறிப்புள்ள எச்சரிக்கை அரை மணியில் நாலு முறை வந்தது என்று காட்டினால் தொழில்நுட்ப ஆட்களிடம் போகும். பதில் திருப்தி இல்லையென்றால் எஃப்.சி.சி.யின் நுகர்வோர் புகார் மையத்தில் இணையத்திலேயே புகார் தரலாம், கட்டணம் இல்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா பகலில் தனியாக இருக்கிறார்கள். இந்தச் சத்தம் கேட்டால் பதறுகிறார்கள். என்ன சொல்லி வைக்கலாம்?

மூன்று சொல் போதும், தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ‘டெஸ்ட்’ என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ‘வாட்ச்’ என்றால் வரலாம், போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். ‘வார்னிங்’ என்று போட்டு உங்கள் கவுண்டியின் பெயரும் இருந்தால் உடனே நகர வேண்டும். டொர்னேடோ என்றால் கீழ்த்தளம், அது இல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத உள் அறை அல்லது குளியலறை. கவுண்டியின் பெயரை ஆங்கில எழுத்திலும் அதே தாளில் எழுதுங்கள், திரையில் ஓடும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். ஒரு முறை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அந்த அறை வரை நடந்து காட்டிவிடுங்கள்.